தம்பி எடுத்த பாலைவனம்

இரும்புலியூரில் சுப்பராயலு குடும்பம் என்றால் ஏரி மதகைத் திறப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் திறப்பார்கள். ஏரிக்குக் கீழே இருந்த வயல்கள் மனைகளாகி, மனைகள் மாடி வீடுகளான பிறகும், அம்மன் கோயில் தீமிதியில் முதல் மாலை அந்த வீட்டு மூத்தவனுக்குத்தான். சுப்பராயலு காலமான பின் அந்த மாலை மூத்த மகன் ஜெயவேலுவின் கழுத்துக்கு வந்தது. அவனும் அதை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்கத் தெரிந்தவன்.

மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டை ஒட்டி அவன் வைத்திருந்த வீடியோ கடைக்கும் அப்பா பெயர்தான். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதில் இரண்டு வீடியோ டெக்கும் ஒரு மிக்சிங் மிஷினும் இருந்தன. தொண்ணூற்றிரண்டில் அந்தப் பக்கத்தில் வேறு யாரிடமும் மிக்சிங் மிஷின் கிடையாது. குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும் கல்யாணம் எடுக்கிறவர்கள் கேசட்டைத் தூக்கிக்கொண்டு அவனிடம்தான் வருவார்கள். வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒரு தாமரைப் பூவுக்குள் வைத்துச் சுற்றவிட்டு அனுப்புவான். யாரையும் உட்காரச் சொல்ல மாட்டான். நின்றுகொண்டே வாங்கிப் போவார்கள்.

தம்பி சம்பத் அவனுக்கு ரொம்ப இளையவன். கல்யாணங்களில் இரண்டாவது கேமரா பிடிப்பான். எப்போதும் யாரிடமாவது பேசிச் சிரித்துக்கொண்டிருப்பான். ஒரு சமயம் துபாய்க்குப் போகிறேன் என்று பாஸ்போர்ட் எடுத்துவிட்டு வந்து நின்றான். நம் வீட்டுப் பிள்ளை அடுத்தவனுக்குக் கைகட்டி நிற்பதா என்று ஜெயவேலு ஒரே பேச்சில் அதை முடித்துவிட்டான். அதில் தப்பு இருப்பதாக ஊரில் யாரும் சொல்லவில்லை.

பல்லாவரத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலை வைத்திருந்த ஜீவரத்தினம், தம் மகள் கல்யாணத்துக்கு இவர்களைத்தான் வீடியோ எடுக்க வைத்திருந்தார். அடுத்த வருஷம் ஒரு நாள் அவரே காரை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். கென்யாவிலிருந்து அவருக்குப் பதனிடாத பச்சைத் தோல் அனுப்பும் வியாபாரி ஒருவர், வருஷத்துக்கு ஒரு தடவை நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வடக்கே சால்பி என்ற பாலைவனத்துக்கு ஜீப்பில் போவாராம். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜீப்புகள், மொத்தம் ஏழு. மணலிலும் உப்புத் தரையிலும் நாள் கணக்கில் ஓட்டம், கூடாரத்தில் தூக்கம். இந்தத் தடவை தாமும் போவதாகவும் அதை முழுக்க வீடியோ எடுக்க ஓர் ஆள் வேண்டும் என்றும் சொன்னார்.

ஜெயவேலுவுக்கு நெஞ்சு நிறைந்தது. பத்து வருஷமாகப் பந்தல், பந்தி, மேடை. அதைத் தாண்டி ஒரு வானத்தையாவது அவன் எடுத்ததுண்டா? முகத்தில் ஒன்றும் காட்டாமல், எப்போது புறப்பட வேண்டும் என்று கேட்டான்.

"அடுத்த வாரம். உங்ககிட்ட பாஸ்போர்ட் இருக்குல்ல?"

ஜெயவேலு பதில் சொல்வதற்குள் பின்னறையிலிருந்து குரல் வந்தது.

"எங்கிட்ட கீது சார்."

அவ்வளவுதான். ஜீவரத்தினம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். விசா, தடுப்பூசி, துணிமணி எல்லாம் சம்பத்திடம் பேசப்பட்டது. ஜெயவேலு ரசீதுப் புத்தகத்தை நேராக வைப்பதும் மறுபடி நேராக வைப்பதுமாக நின்றான். அவர் போன பிறகு தம்பி அவன் முன்னால் வந்து, "நீ போவணும்னா நான் வேணாங்கறேன்ணா" என்றான். பாஸ்போர்ட் இல்லாதவனிடம் இப்படிச் சொல்வது மரியாதையா, கிண்டலா என்று ஜெயவேலுவுக்குப் புரியவில்லை.

"நான் இங்க முகூர்த்தத்த வுட்டுட்டு எங்கடா போறது? நீ போயிட்டு வா. நான் அனுப்பறேன்" என்றான்.

ஊரிலும் அப்படித்தான் சொன்னான். நான்தான் அனுப்பி வைத்தேன், நான்தான் கேமராவும் கொடுத்தேன். கேமரா அவனுடையதுதான். தோளில் வைத்துத் தேய்ந்து, கைப்பிடியில் அவன் விரல் படிந்த இடம் வழவழப்பாகிப் போன கேமரா. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் அதைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபோது, தான் போகாத இடத்துக்குத் தன் கேமரா போகிறதே என்று நினைத்தான். வீட்டுக்கு வரும் வரை தோள் லேசாக இருந்தது அவனுக்குப் பிடிக்கவில்லை.

சம்பத் திரும்பி வந்தபோது மூக்குத்தோல் உரிந்து, தலையில் அகலமான ஒரு தொப்பியோடு வந்தான். அம்மா தாயாரம்மாள் மகனுக்கு வாசலிலேயே ஆரத்தி எடுத்தாள். தெருவே கூடிவிட்டது. வெள்ளை வெளேரென்று உப்புப் படிந்த தரையையும், தூரத்தில் தண்ணீர் போல மின்னிக் கிட்டே போனால் ஒன்றுமில்லாமல் போவதையும், ஜீப் மணலில் புதைந்தால் சக்கரத்துக்கடியில் இரும்புப் பலகை போட்டு ஏற்றுவதையும் அவன் சொல்லச் சொல்ல, டீக்கடைக்காரன் பாலைப் பொங்கவிட்டான். அதற்கப்புறம் மார்க்கெட்டில் ஒருவர் ஜெயவேலுவைக் காட்டி இன்னொருவரிடம், இவர்தான் ஆப்பிரிக்கா சம்பத்தோட அண்ணன் என்றார்.

சுப்பராயலுவின் மூத்த மகனை அதுவரை யாரும் இன்னாருடைய அண்ணன் என்று சொன்னதில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. சோறு போடும்போது மனைவி தையல்நாயகி சொன்னாள்: "உங்க தம்பி வழியில சிங்கத்த பாத்தாராமே. நீங்க சிங்கபெருமாள் கோயில தாண்டி போனதில்ல." அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவன் மோர் ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துவிட்டான்.

கூடப் பிறந்தவன் மேல் வயிறு எரிகிறது என்பதை வெளியே காட்டிக்கொண்டால் குடும்ப மானம் என்ன ஆவது? ஜெயவேலுவுக்கு அது தெரியும். அதனால் யாரைப் பார்த்தாலும் தம்பியைப் பற்றி இரண்டு வார்த்தை உயர்வாகவே பேசினான். பேசிவிட்டு வந்து பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவான். எதிரே பை நிறைய ஆப்பிரிக்காக் கேசட்டுகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஜீவரத்தினம் வீட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்ட வேண்டும். அதற்குள் மிக்சிங் முடித்தாக வேண்டும்.

சம்பத் தானும் கூட உட்காருவதாகச் சொன்னான். ஜெயவேலு அவனைக் குரோம்பேட்டையில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கும், சேலையூரில் ஒரு காதுகுத்துக்கும் மாற்றி மாற்றி அனுப்பினான்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு. அதுல வெள்ளத் தாடி பெரியவரு ஒருத்தர் வருவாரு, அவரு வந்து..."

"பத்து வருஷமா வெட்டிக்கினு கீறேன். எனக்கு நீ சொல்லித் தரியா? போ, லைட்டெல்லாம் ஏத்து."

சம்பத் போய்விட்டான்.

முதல் கேசட்டைப் போட்டுப் பார்த்ததும் ஜெயவேலுவுக்குச் சிரிப்பு வந்தது. மனம் குளிர்ந்தது என்றே சொல்லலாம். பயல் பாலைவனத்துக்குப் போய்க் கல்யாணம் எடுத்திருந்தான். புறப்படும் முன் ஜெபம். ஜெபத்தில் நிற்கிறவர்களின் முகம் ஒவ்வொன்றாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. ஒவ்வொரு ஜீப்பிலும் ஏறி உட்கார்ந்தவர்கள் கேமராவைப் பார்த்துக் கையசைப்பது. மத்தியானம் மடக்கு மேசை போட்டுச் சாப்பிடும்போது பந்தியில் எடுப்பதைப் போலவே தட்டு, வாய், தட்டு, வாய். வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்பது அவ்வளவு நேரம் ஓடியது. கிழவர் தொப்பி போடுகிறார். கிழவர் தொப்பியைக் கழற்றுகிறார். ஒட்டகத்துக்குப் பக்கத்தில் கிழவர். சுற்றிலும் உலகத்தில் கிடைக்காத பூமி விரிந்து கிடக்க, இவன் கிழவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு நிற்கிறான்.

இதை இப்படியே போட்டுக் காட்டினால் போதும், ஆப்பிரிக்கா சம்பத் தாம்பரம் சம்பத் ஆகிவிடுவான் என்று தோன்றியது. அப்படியே ஒட்டிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தும் பார்த்தான். ஆனால் கேசட்டின் மேல் ஒட்டப்போவது அப்பாவின் பெயர். அதனால் கை வரவில்லை.

ஐந்தாவது கேசட்டோ ஆறாவதோ, அதைப் போட்டபோதுதான் அந்தக் காட்சி வந்தது. சம்பத் ஏதோ பாறை மேட்டில் ஏறி நின்றிருக்கிறான். கீழே வெள்ளைத் தரை, அதற்கு எல்லையே இல்லை. ஏழு ஜீப்புகளும் எறும்பு அளவில், ஒன்றன் பின் ஒன்றாக அல்லாமல், ஒன்றின் தூசி மற்றொன்றின் மேல் படாதபடி விலகி விலகிப் போகின்றன. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் புழுதி நீளமாக எழுந்து, காற்றே இல்லாமல் அப்படியே நிற்கிறது. கேமரா அசையவில்லை. சம்பத் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்கிறது. ஜீப்புகள் போய், மின்னுகிற பொய்த் தண்ணீருக்குள் இறங்கி, கால் இல்லாமல் மிதந்து, கரைந்து போகிற வரை அவன் பொறுமையாக நின்று எடுத்திருந்தான்.

ஜெயவேலு டெக்கை நிறுத்தினான். பின்னுக்குச் சுற்றி மறுபடி பார்த்தான். தன் கேமரா, தன் லென்ஸ். தானாக இருந்தால் பாதியிலேயே ஜூம் போட்டிருப்பான். அது அவனுக்கே தெரிந்ததுதான் தாங்கவில்லை. பொழுது சாயும் வரை அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். பார்க்கப் பார்க்க, அந்த மேட்டில் தான் நின்றிருக்க வேண்டும் என்ற எண்ணமே மேலே வந்தது.

பிறகு ஒரு முடிவுக்கு வந்தான். தம்பி கேமரா பிடித்தான், சரி. படம் என்பது கேமரா பிடிப்பதா? வெட்டி ஒட்டுகிறவன் கையில் அல்லவா படம் இருக்கிறது. மூட்டை மூட்டையாகக் கிடந்த முகங்களையெல்லாம் தூக்கிப் போட்டான். ஜெபம் போயிற்று, பந்தி போயிற்று, கிழவர் அடியோடு போனார். மணல், வானம், சக்கரம், புழுதி, ஒட்டகம், பொய்த் தண்ணீர் மட்டும் நின்றன. தாமரைப் பூ வைக்கவில்லை. சினிமாப் பாட்டு சேர்க்கவில்லை, ஒரு வீணை இசையைக் கீழே ஓடவிட்டான். மேட்டுக் காட்சியைக் கடைசியில் வைத்தான். முக்கால் மணி நேரத்தில் கச்சிதமாக ஒரு படம் வந்தது. அவன் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக எதையும் வெட்டியதில்லை. முதலில் திரை முழுக்க இயக்கம், படத்தொகுப்பு என்று தன் பெயரைப் போட்டான். கேமரா என்பதற்குக் கீழே தம்பி பெயரை வைத்தான். அது வந்து படிப்பதற்குள் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் ஜீவரத்தினத்தின் பங்களா கூடத்தில் கூடியிருந்தார்கள். பின்கட்டில் பிரியாணி தம்மில் இருந்தது. ஜீவரத்தினத்தின் மனைவி ஞானம்மாள் சகோதரர்கள் இருவரையும் வரவேற்று, சம்பத்தை மட்டும் பெயர் சொல்லி வெயிலில் உரிந்த மூக்கு ஆறியதா என்று கேட்டார். நாற்காலிகளில் முதல் வரிசை நடுவில், சரிகை வேட்டியும் கோட்டுமாக ஒரு பெரியவர் கைத்தடியை முழங்காலுக்கு நடுவில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தாடி.

ஜெயவேலுவுக்கு அவரைத் திரையில் பார்த்துப் பழகியிருந்தது. "யார்றா அவரு?" என்று தம்பியிடம் மெல்லக் கேட்டான்.

"அசரியா ஐயா. ராணிப்பேட்டை. இவங்க பொண்ணு குடுத்த சம்பந்தி. அதான் அன்னிக்கே சொல்ல வந்தேன்ல."

"கல்யாணத்துல காணோமே?"

"அப்ப ஆஸ்பத்திரில இருந்தாரு. கல்யாண கேசட்லயே அவரு மூஞ்சி இல்லேன்னு அந்த வூட்ல ஒரே பேஜாரு. இந்த டிரிப்புக்கு அவர கூட்டிக்கினு போனதே அதுக்குத்தான். இதுலயாவது நல்லா வரணும்னு சார் எங்கிட்ட சொல்லிச் சொல்லி அனுப்பனாரு."

அதற்குள் டெக்கில் கேசட்டைத் தள்ளிவிட்டார்கள்.

வீடியோத் தொழிலில் இருக்கிற எவனுக்கும் முதல் பாடம் சம்பந்தி முகம்தான். தாலி கட்டும் நேரத்தில் விளக்கு அணைந்தால்கூடச் சமாளித்துவிடலாம். சம்பந்தி முகம் விட்டுப்போனால் இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திவிடும். தாம்பரம் வட்டாரத்தில் அதைச் சொல்லிச் சொல்லி எல்லாரையும் அதட்டியவன் ஜெயவேலு. அவன் கையாலேயே அசரியாவை ஒரு பொட்டு விடாமல் வெட்டி எடுத்திருந்தான். கூடத்தின் சுவரில் சாய்ந்து நின்றவன் டெக்கைப் பார்த்தான்; கேசட் ஓடத் தொடங்கியிருந்தது.

திரையில் அவன் பெயர் பெரிதாக வந்து போயிற்று. பிறகு மணல் வந்தது. கொஞ்ச நேரம் எல்லோரும் ஆவலாகப் பார்த்தார்கள். பிறகும் மணலே வந்தது. பெண்கள் பக்கம் ஒரு குழந்தை, தாத்தா எங்கே என்று கேட்டது. இப்போது வருவார் என்று யாரோ சொன்னார்கள். அசரியா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் குனிந்தார். சக்கரம் சுழன்றது, புழுதி பறந்தது, ஒட்டகம் கழுத்தைத் திருப்பியது. அந்த ஒட்டகத்துக்குப் பக்கத்தில் நின்றவர் அங்கே இல்லை. ஜீவரத்தினம் ஒரு தடவை திரும்பிச் சம்பத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்ததை ஜெயவேலுவால் படிக்க முடிந்தது.

மேட்டுக் காட்சி வந்து, ஜீப்புகள் கரைந்து, திரை நீலமாயிற்று. அசரியா கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு. வண்டியெல்லாம் நல்லா வந்திருக்கு. நாங்க பொறப்படறோம் ஜீவரத்தினம்."

சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று ஞானம்மாள் பதறினார். ராணிப்பேட்டை தூரம், பொழுது சாய்வதற்கு முன் போய்ச் சேர வேண்டும் என்று அவர் செருப்பைத் தேடினார். அவர் வீட்டு ஆட்களும் எழுந்துவிட்டார்கள். அவர் வீட்டில் வாழப்போன ஜீவரத்தினத்தின் மகள் பின்கட்டுக் கதவில் முகம் வெளுத்து நின்றாள்.

சம்பத் முன்னால் போனான். கையைக் கட்டிக்கொண்டு, சிரித்த முகமாகவே, "ஐயா, இது வெறும் வண்டிங்க கேசட்டு. உங்க கேசட்டு தனியா கீது. உங்க ஒருத்தருக்காகவே எங்க அண்ணன் தனியா போட்டு வச்சிருக்காரு. மத்தவங்களோட சேத்துப் போடக் கூடாதுன்னுட்டாரு. இன்னும் டைட்டில் போடல, அதான் கொண்டாரல" என்றான்.

கூடத்தில் இறுக்கம் தளர்ந்தது. எல்லோரும் ஜெயவேலுவைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்வைகளில் மரியாதை இருந்தது. ஜீவரத்தினம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, ஜெயவேலுன்னா சும்மா இல்ல" என்றார். அசரியாவும் செருப்பிலிருந்து காலை எடுத்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போய், வெட்டிப் போட்டதையெல்லாம் ஒட்டி, நாளைக்குக் கொடுத்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்தவன் ஒருவன்தான். அவன் இனி ஆயுசுக்கும் ஒன்றும் சொல்லிக்காட்ட மாட்டான். அவன் குணம் அப்படி. அதுதான் ஜெயவேலுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆப்பிரிக்காவுக்கும் அவன்தான் போனான். அந்த மேட்டிலும் அவன்தான் நின்றான். இப்போது பெருந்தன்மையும் அவனுக்கேவா? சுப்பராயலுவின் மூத்த மகன் தம்பி போட்ட பொய்யைத் தின்று இந்த வீட்டில் சோறும் தின்பதா?

"அப்படி ஒரு கேசட்டு இல்லீங்க" என்றான் ஜெயவேலு.

சம்பத் திரும்பிக் கண்ணைக் காட்டினான். ஜெயவேலு அவனைப் பார்க்கவில்லை. அசரியாவுக்கு எதிரே வந்து நேராக நின்றான்.

"தம்பி எல்லாம் எடுத்துக்கினுதான் வந்தான். உங்கள வெட்டினது நான். நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. அவன் சொல்ல வந்தான், நான் கேக்கல."

"ஏண்ணா" என்றான் சம்பத், சலிப்பாக. "நான் சரி பண்ணிக்கினுதானே இருந்தேன்."

அசரியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் போய் முகத்தில் வேறு ஏதோ வந்திருந்தது. குழந்தை கேட்பதைப் போல, "அப்ப என்னை எடுத்திருக்கானா? எப்படி இருக்கேன்?" என்று கேட்டார்.

ஜெயவேலுவுக்குச் சொல்லத் தெரிந்தது. பொறாமையில் ஒன்றுவிடாமல் பார்த்து வெட்டியதெல்லாம் அவன் கண்ணில் இருந்தது.

"மொத நாள் ஜெபத்துல நீங்க கண்ண மூடல. வண்டிங்களையே பாத்துக்கினு கீறீங்க. சிரிப்பு வருது, அடக்கிக்கிறீங்க. சாப்புடும்போது ரொட்டிய டீல தோச்சி தின்றீங்க, தாடில வழியுது, தொடைக்கக்கூட இல்ல. ஒட்டகம் உங்க தொப்பிய இழுக்குது. ஒரு எடத்துல வண்டி மணல்ல பொதைஞ்சி எல்லாரும் தள்றாங்க, உங்கள நெழல்ல உக்கார வச்சிட்டாங்க. நீங்க கேக்கல. செருப்ப கழட்டி வச்சிட்டு வந்து நீங்களும் தள்றீங்க. வண்டி ஏறினதும் ரெண்டு கையையும் மேல தூக்கறீங்க. பின்னால வானம் மட்டுந்தான். அவ்ளோ பெரிய எடத்துல உங்க ஒருத்தரதான் அவன் பாத்துக்கினு நின்னிருக்கான்."

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம் நான் அப்படிச் சிரிச்சதே இல்லப்பா" என்றார். கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்து, "நீயே அங்க வந்து நின்னு எடுத்த மாதிரி சொல்றியே" என்றார்.

கூடம் முழுக்க அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்கட்டில் பிரியாணி தம் உடைத்துவிட்டார்கள், வாசனை வந்தது. மின்விசிறி தலைக்கு மேலே சுழன்றும் ஜெயவேலுவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நான் மீனம்பாக்கத்தோட சரிங்க" என்றான். "எடுத்தது என் தம்பி."